தக்காளி பறித்து ஊர் சுற்றியவர்கள்

1972 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் டோனி வீலரும் அவர் மனைவி மௌரீனும் சிட்னி வந்து சேர்ந்தபோது, இருவரிடமும் சேர்த்து மிச்சமிருந்தது 27 சென்ட். லண்டனில் ஒரு பழைய காரை வாங்கிக் கிளம்பியவர்கள் அவர்கள். துருக்கி, ஈரான் என்று ஓட்டிக்கொண்டு வந்து காபூலில் அதை விற்றார்கள். பிறகு பஸ், ரயில், கடைசியில் பாலித் தீவிலிருந்து யாரோ ஒருவரின் பாய்மரப் படகில் தொற்றிக்கொண்டு ஆஸ்திரேலியக் கரை. எப்படி வந்தீர்கள், எவ்வளவு ஆயிற்று என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னதன் விளைவாக, 1973-ல் ஆசியாவைக் குறைந்த செலவில் கடப்பது பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். லோன்லி பிளானட் அப்படித்தான் பிறந்தது. அந்த நிறுவனம் வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த 27 சென்ட்தான் கணக்கு. முன்பின் தெரியாத ஊரில் அந்தச் சில்லறையோடு நின்றவர்கள் கலங்கவில்லை. இறங்கினால் வேலை கிடைக்கும் என்பது தெரியும். கிடைத்தது.

அந்தக் காலத்து ஊர்சுற்றிக்குக் கைக்காசு தீர்ந்தால் பயணம் முடிந்துவிடாது. சில வாரம் ஓரிடத்தில் நிற்க வேண்டிவரும், அவ்வளவுதான். 1967 போருக்குப் பிறகு இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணைகளுக்கு ஐரோப்பிய இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் ஆரஞ்சு பறித்தார்கள், பாத்திரம் கழுவினார்கள். சோறும் படுக்கையும் கைச்செலவுக்குக் கொஞ்சமும் கிடைத்தன. செப்டம்பரில் பிரான்ஸில் திராட்சை அறுவடை இருந்தது. லண்டனில் செயலாளர் வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண் 1971-ல் வார இறுதிகளில் இயற்கைப் பண்ணைகளுக்குப் போய் வேலை செய்யும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க இருக்கும் 'வூஃப்' அதிலிருந்து வந்தது. 1983-ல் சூசன் கிரிஃபித் வேலை செய்தபடியே உலகம் சுற்றுவதற்கென்று தனிக் கையேடே எழுதிவிட்டார். அந்தப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்தச் சுதந்திரம் எல்லோருக்குமானதாக இருக்கவில்லை. வீலர் தம்பதிக்குக் கதவைத் திறந்தது அவர்களின் துணிச்சல் பாதி, கடவுச்சீட்டு பாதி. அதே ஆண்டுகளில் சென்னையிலிருந்து வெளிநாடு போன ஒருவர் ரிசர்வ் வங்கி அனுமதித்த எட்டு டாலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த எட்டு டாலரோடு எந்த நாட்டு எல்லையிலும் போய், "சும்மா ஊர் பார்க்க வந்தேன், இடையில் கொஞ்சம் வேலை செய்துகொள்கிறேன்" என்று சொல்லியிருக்க முடியாது.

இந்த வகைப் பயணத்துக்குச் சட்டபூர்வமான வடிவம் கொடுத்த நாடுகளில் முக்கியமானது ஆஸ்திரேலியா. 1975-ல் பிரிட்டன், கனடா, அயர்லாந்து ஆகிய மூன்று நாட்டு இளைஞர்களுக்கு வொர்க்கிங் ஹாலிடே விசா தொடங்கப்பட்டது. வெள்ளையரல்லாதவர் குடியேறுவதைத் தடுத்துவந்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையை அந்த நாட்டு அரசு முறைப்படி கைவிட்டு இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. முதல் மூன்று நாடுகளின் பட்டியலைப் பார்த்தாலே பழைய பழக்கம் எளிதில் போகவில்லை என்பது புரியும். ஆசியாவிலிருந்து முதலில் ஜப்பான், 1980-ல். தென் கொரியாவுக்கு 1995 வரை காத்திருப்பு. நோக்கம் என்று எழுதி வைத்திருந்தது கலாசாரப் பரிமாற்றம். விடுமுறைதான் முதல், வேலை என்பது வழிச்செலவுக்கு.

நடைமுறையும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எண்பதுகளில் மெல்பர்னில் இறங்கிய ஒரு பையன் முதல் வாரம் ஹாஸ்டல் அறிவிப்புப் பலகையைப் படிப்பான். "காருக்கு ஒரு ஆள் குறைகிறது, பெட்ரோல் பங்கு", "மில்டுராவில் திராட்சை, பிப்ரவரி, நேரே வந்தால் போதும்" என்று துண்டுச் சீட்டுகள் குத்தியிருக்கும். அந்த நாட்டின் அறுவடைகள் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பது அவனுக்கு வசதி. பிப்ரவரி, மார்ச்சில் மில்டுரா திராட்சை. அதை ஒட்டி டாஸ்மேனியாவில் ஆப்பிள். குளிர்காலத்தில் வடக்கே குயின்ஸ்லாந்தின் போவென் பக்கம் தக்காளி. செப்டம்பருக்கு மேல் டார்வின், கேத்தரின் பகுதிகளில் மாம்பழம். நவம்பரில் நியூ சவுத் வேல்ஸின் யங் ஊரில் செர்ரி. பருவத்தைத் துரத்திக்கொண்டு போனால் நாட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை உறையில் போட்டுக் காசு. வரி, பதிவு எல்லாம் பல பண்ணைகளில் பேச்சளவில்தான். வீட்டுக் கடிதம் ஏதாவதொரு ஊரின் பெரிய தபாலாபீஸில் பெயருக்குக் காத்திருக்கும். அடுத்த மாதம் எந்த ஊர் என்று அம்மாவுக்கு முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். அதிலிருந்து மாறினால் கடிதம் போச்சு.

வேலை சுகமானது என்று யாரும் சொன்னதில்லை. குயின்ஸ்லாந்தின் டல்லியில் வாழைத்தார் சுமப்பவன் ஐம்பது கிலோவைத் தோளில் வாங்கிக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். இலைக்குள் பாம்பு, தவளை, சிலந்தி என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஸ்ட்ராபெரியில் முதுகு போகும். ஆரஞ்சில் ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் போகும். மாம்பழம் பறிக்கப் போன ஜெர்மன்காரர்கள் முதல் வாரத்திலேயே கை, முகமெல்லாம் கொப்புளத்தோடு திரிவார்கள். மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? பிடிக்காவிட்டால் சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதால் இத்தனையையும் தாங்க முடிந்தது. பண்ணைக்காரரும் அதைத் தெரிந்தே நடந்துகொண்டார்.

இந்தச் சமன் 2005-ல் குலைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலிய அரசு ஒரு சலுகை கொடுத்தது. நகரத்துக்கு வெளியே, குறிப்பிட்ட பகுதிகளில், மூன்று மாதம் பண்ணை வேலை பார்த்தால் இன்னொரு வருட விசா. அந்த மூன்று மாதம் 88 நாள் என்று கணக்கிடப்பட்டது. பேக்பேக்கர்கள் மத்தியில் '88 நாள்' என்றால் வேறு விளக்கமே தேவையில்லை. 2019 ஜூலையிலிருந்து, இரண்டாம் வருடத்தில் ஆறு மாதம் இப்படி உழைத்தால் மூன்றாம் வருடமும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் எல்லோருக்கும் லாபம். விவசாயிக்கு ஆள் கிடைக்கிறது, இளைஞனுக்குக் கூடுதல் காலம் கிடைக்கிறது. ஆனால் வேலைக்கும் பயணத்துக்கும் இருந்த உறவு அந்த ஒரு விதியால் தலைகீழானது. முன்பு பயணத்தைத் தொடர வேலை செய்தார்கள். இப்போது விசா நாளைச் சேர்க்க வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை பையைத் தூக்கும் உரிமை போய்விட்டது. அறுபதாவது நாளில் கோபித்துக்கொண்டு கிளம்பினால் மிச்சம் 28 நாளுக்கு வேறு பண்ணை தேட வேண்டும். பார்த்த அறுபது நாளுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரோ அந்தப் பழைய பண்ணைக்காரர்தான்.

இதைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. பண்டபெர்க், போவென், மில்டுரா, ராபின்வேல் போன்ற ஊர்களில் 'வேலை ஹாஸ்டல்'கள் வந்தன. படுக்கைக்கு வாரம் இருநூறு டாலருக்கு மேல். அங்கே தங்குபவருக்குத்தான் வேலை. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்களுடைய வேனில்தான் பண்ணைக்குப் போக வேண்டும், வேனுக்கும் சில இடங்களில் காசு. மழை பெய்தால் வேலை இல்லை, வாடகை மட்டும் ஓடும். இடையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர். இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்கு ஆள் கொண்டுபோன கங்காணியை அறிந்த நமக்கு இந்த ஆளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. தங்குமிடமும் அவர் பொறுப்பு, வண்டியும் அவர் பொறுப்பு, கூலியில் பிடித்தமும் அவர் கையில். பெரிய வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஸ்வீடன் பையனிடம் ஊர் திரும்ப டிக்கெட் இருக்கிறது, கஷ்டம் மூன்று மாதத்தோடு முடிகிறது. கண்டியில் காப்பி, தேயிலை பறிக்கப் போனவர்களுக்கு இரண்டும் இருக்கவில்லை. இருந்தாலும் கூலிக்கும் கூரைக்கும் ஒரே ஆள் முதலாளியாக இருந்தால் என்ன நடக்கும் என்பது நூற்றாண்டு கடந்தும் மாறாத விஷயம்.

என்ன நடந்தது என்பதை ஆஸ்திரேலியாவின் தொழிலாளர் உரிமை அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனே 2016-ல் வெளியிட்ட விசாரணையில் எழுதிவைத்தது. பதில் சொன்ன பேக்பேக்கர்களில் 35 விழுக்காட்டினர் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே பெற்றிருந்தார்கள். 14 விழுக்காட்டினர் வேலை கிடைப்பதற்கே முன்பணம் கட்டியிருந்தார்கள். கையெழுத்து கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் பலர் வாய் திறக்கவில்லை. இதில் பெரும் பங்கு வகித்தது கிலோ கணக்கு, பெட்டிக் கணக்கு என்று கொடுக்கும் கூலி. வேகமாகப் பறிக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல காசு. முதல் வாரம் பண்ணையைப் பார்க்கிற நகரத்துப் பிள்ளைக்கு, அதுவும் அறுவடை ஓய்ந்து செடியில் பழம் குறைந்த நேரத்தில் அனுப்பப்பட்டால், நாள் முழுக்கக் குனிந்தும் ஹாஸ்டல் வாடகை தேறாது. அந்த ஓட்டையை 2021 நவம்பரில் ஃபேர் வொர்க் ஆணையம் அடைத்தது. 2022 ஏப்ரல் 28 முதல், பெட்டிக் கணக்கில் எவ்வளவு வந்தாலும் மணிக்கு ஒரு குறைந்தபட்சம் உண்டு. அன்றைய தேதியில் தற்காலிகத் தொழிலாளிக்கு அது 25.41 டாலர்.

அரசு மட்டும் சும்மா இருந்ததா? 2017 ஜனவரியிலிருந்து பேக்பேக்கர் சம்பாதிக்கும் முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி. உள்ளூர்க்காரருக்கு முதல் 18,200 டாலருக்கு வரியே கிடையாது. முதலில் 32.5 விழுக்காடு பிடிக்கத்தான் திட்டம். விவசாயிகள் கத்தியதால் இறங்கி வந்தார்கள். முதலாளி கட்டும் ஓய்வூதியத் தொகையை நாட்டை விட்டுப் போகும்போது திரும்பக் கேட்டால் அதில் 65 விழுக்காட்டை அரசு எடுத்துக்கொள்கிறது. ஓய்வு பெறும் வயது வரை அங்கே இருக்கவே முடியாதவருக்கு ஓய்வூதியம் சேர்த்து, அதில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொள்வது நல்ல ஏற்பாடுதான், யாருக்கு என்பதைப் பொறுத்து.

பழைய நாள்களைப் புகழ்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று லிஃப்ட் கேட்டுப் போவதுதான் ஏழைப் பயணியின் பேருந்து. 1989-க்கும் 1992-க்கும் இடையில் சிட்னிக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் கட்டைவிரலை நீட்டி நின்றவர்களில் ஏழு பேரை இவான் மிலாட் கொன்று பெலாங்லோ காட்டில் போட்டான். 1996-ல் அவனுக்கு ஆயுள் தண்டனை. அதன் பிறகு அந்தச் சாலைகளில் கட்டைவிரல் நீள்வது அரிதாகிவிட்டது. 2000 ஜூன் 23 அதிகாலை, பண்டபெர்க்குக்குத் தெற்கே சில்டர்ஸ் என்ற சிற்றூரில் ஒரு பழைய ஹோட்டல் கட்டடம் எரிந்தது. தோட்ட வேலைக்கு வந்தவர்கள் தங்கும் ஹாஸ்டல் அது. வேலை செய்யும் புகை எச்சரிக்கைக் கருவிகள் இல்லை, 15 பேர் போனார்கள். குயின்ஸ்லாந்தில் மலிவுத் தங்குமிடங்களுக்கான தீப் பாதுகாப்புச் சட்டம் அதன் பிறகுதான் கடுமையானது. இன்றைய ஹாஸ்டல் கூரையில் சிவப்பு விளக்கு மினுங்குகிறதென்றால் அதற்கு அந்த 15 பேரும் ஒரு காரணம்.

மற்ற மாற்றங்களைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அறிவிப்புப் பலகை ஃபேஸ்புக் குழுவானது. அதில் பாதி வேலை விளம்பரம், பாதி "இந்தப் பண்ணைக்குப் போகாதீர்கள்" என்ற எச்சரிக்கை. அந்தப் பாதி எச்சரிக்கைக்கு நிகரான எதுவும் எண்பதுகளில் இல்லை. ஏமாற்றுபவர் அன்று அடுத்த பருவத்துக்கு வேறு பிள்ளைகளைப் பிடித்துக்கொள்வார். தபாலாபீஸ் கடிதம் போய் வீடியோ கால் வந்துவிட்டதால் அம்மாவுக்குக் கொப்புளம் தெரிகிறது, பிள்ளை ஊருக்குத் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. வழிகாட்டிப் புத்தகத்தின் காலமும் முடிந்தது. லோன்லி பிளானட்டை 2007-ல் வாங்கத் தொடங்கிய பிபிசி, 2013-ல் பெரும் நஷ்டத்துக்கு விற்றது. மலிவு விமான டிக்கெட்டுக்கு மாணவர்கள் வரிசை கட்டிய எஸ்டிஏ டிராவல் 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது. பண்ணையில் இலவசமாக வேலை செய்து சோறு வாங்கும் வூஃப் முறையும் 2015 வரை 88 நாள் கணக்கில் சேர்ந்தது. அதற்கு மேல் சம்பளச் சீட்டு இருந்தால்தான் நாள் கணக்காகும் என்று மாற்றிவிட்டார்கள். சுரண்டலைத் தடுக்க வந்த விதி. நல்லதுதான். ஆனால் சம்பளம் இல்லாமல், சாப்பாட்டு மேசையில் விவசாயி குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு வகைப் பயணமும் அதோடு ஓரமாகிப் போனது. அதற்காக வருத்தப்படுபவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

கொரோனா பரவிய 2020 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் ஸ்காட் மாரிசன், தங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத வெளிநாட்டுப் பயணிகள் ஊருக்குப் போக வேண்டிய நேரம் இது என்றார். போனார்கள். எல்லையை ஏற்கெனவே மூடியிருந்தார்கள். அடுத்த அறுவடைக்குப் பழம் பறிக்க ஆள் இல்லாமல் பண்ணைகள் தவித்தன. கலாசாரப் பரிமாற்றம் என்று நாற்பத்தைந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் என்ன என்பதை அந்தப் பருவம் காட்டிவிட்டது. இப்போது பண்ணைகள் டோங்கா, வனுவாட்டு, சமோவா போன்ற பசிபிக் தீவு நாடுகளிலிருந்து தனித் திட்டத்தில் வரும் தொழிலாளர்களையும் நம்பியிருக்கின்றன. அவர்கள் ஊர் சுற்ற வந்ததாக யாரும் பாசாங்கு செய்வதில்லை.

இந்தக் கதையில் நாம் நுழைவது 2024-ல். இந்தியா-ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தில் ஒரு வரியாக, வருடத்துக்கு 1,000 இந்தியர்களுக்கு வொர்க் அண்ட் ஹாலிடே விசா. வயது 18 முதல் 30. பள்ளிக்கு மேல் குறைந்தது இரண்டு வருடப் படிப்பு, ஆங்கிலம், வங்கியில் 5,000 டாலர் கையிருப்பு. குலுக்கல் முறை, அதில் பெயர் கொடுக்க 25 டாலர். அக்டோபரில் பதிவு திறந்த இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சம் டாலர். வீலர் தம்பதி 27 சென்ட்டோடு இறங்கிய ஊருக்கு நம்மில் ஒருவர் போக, கையிருப்பும் விசாக் கட்டணமும் டிக்கெட்டும் சேர்ந்து மூன்றரை லட்சம் ரூபாயாவது முதலில் கணக்கில் நிற்க வேண்டும். குறைந்த காசில் ஊர் சுற்றுவதற்கு முன்தகுதியே கொஞ்சம் காசு வைத்திருப்பதுதான்.

தேர்வானவர் வீட்டில் கேட்கப்படும் கேள்வி எதுவென்று ஊகிப்பது கடினமல்ல. "பி.இ. படிச்சிட்டு அங்க போய்த் தக்காளி பறிக்கப் போறியா?" கேள்வியில் இருக்கும் வலி உண்மையானது. பிள்ளையை வயலிலிருந்து வெளியே அனுப்பத்தான் அந்தப் படிப்பே. ஐரோப்பியப் பிள்ளைக்கு மூன்று மாத வயல் வேலை ஒரு அனுபவம், ஊரில் போய்ச் சொல்ல ஒரு கதை. இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை கதிர் அறுத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதே வேலை அத்தனை லேசாக இருக்காது. ஆனால் பிள்ளையின் பதிலும் கணக்காகத்தான் வரும். 2025 ஜூலையிலிருந்து ஆஸ்திரேலியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். தற்காலிக வேலைக்குக் கால் பங்கு கூடுதல், ஆக 31 டாலருக்கு மேல். வாரம் 38 மணி நேரம் முழுசாகக் கிடைத்தால் வரி போகக் கையில் ஏறக்குறைய ஆயிரம். தைவான், கொரியப் பிள்ளைகள் இந்தக் கணக்கை நமக்கு வெகு முன்பே போட்டுவிட்டார்கள். அவர்களில் பலருக்கு அந்த வருடம் ஊர் பார்க்கும் வருடமாக இருந்த அளவுக்குச் சேமிக்கும் வருடமாகவும் இருந்தது. நம்மவர்களும் அந்த வழியில்தான் போவார்கள் என்று நினைக்கிறேன், அதில் தப்பும் தெரியவில்லை.

பிரிட்டனோடும் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு வர்த்தக ஒப்பந்தம் உண்டு. அதன்படி 2024 ஜூலை முதல் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு 88 நாள் விதி கிடையாது. வயல் பக்கமே போகாமல், சிட்னியில் காபிக் கடையில் நின்றே, மூன்று வருட விசாவை வாங்கிக்கொள்ளலாம். வயது வரம்பும் அவர்களுக்கு 35. போவெனில் ஒரே வரிசையில் தக்காளி பறிக்கும் மான்செஸ்டர் பையனுக்கும் மதுரைப் பையனுக்கும் மணிக்கூலி ஒன்றுதான். மான்செஸ்டர் பையன் சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். மதுரைப் பையன் இரண்டாம் வருடத்தை நினைத்தால், ஒவ்வொரு வாரச் சம்பளச் சீட்டையும் போனில் படமெடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஐந்து மணி வேனுக்கு நிற்க வேண்டும்.